துய்மா வீதியின் துய்மா யார்? ஒரே பெயரில் வாழ்ந்த பலரைப் பிரித்தறிவது பற்றி

புதுச்சேரித் தம்பி ஒருவர் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். கடற்கரையை ஒட்டியுள்ள துய்மா வீதிக்கு அந்தப் பெயர் வந்தது பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் துய்மாவாலா என்பது ஒன்று. பழைய பிரெஞ்சுப் பதிவுகளில் தன் கொள்ளுத்தாத்தாவைத் தேடினால் அதே பெயரில் பல பேர் வருகிறார்கள், இவர்களில் எங்கள் வீட்டு ஆள் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது இன்னொன்று. பார்த்தால் தனித்தனிக் கேள்விகள், ஆனால் சிக்கல் ஒன்றுதான். வரலாறு படிக்கிற எல்லாரும் இதில் ஒரு தடவையாவது மாட்டிக்கொள்கிறோம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. அந்த வீதியின் பெயருக்கு உரியவர் பியேர் பெனுவா துய்மா. 1735 முதல் 1741 வரை புதுச்சேரியின் ஆளுநர். ஆற்காட்டு நவாபிடமிருந்து நாணயம் அடிக்கும் உரிமை கிடைத்ததும், 1739-இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததும் இவர் காலத்தில்தான். இவருக்கு அடுத்து வந்த துய்ப்ளே பெரிய பெயர் எடுத்துவிட்டதால் இவரை ஊரே மறந்துவிட்டது. நாவலாசிரியர் பிறந்ததோ 1802-இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஆளுநர் கண்ணை மூடிவிட்டார்.

சரி, நாவலாசிரியர் துய்மா என்றாலாவது ஒரே ஆளா? அதுவும் இல்லை. 1870-இல் இறந்த நாவலாசிரியர் ஒருவர். 1824-இல் பிறந்து 1895 வரை வாழ்ந்த அவர் மகனும் அலெக்சாந்தர் துய்மாதான், அவரும் நாவல், நாடகம் என்று எழுதிப் பேர் வாங்கியவர். நாவலாசிரியரின் தகப்பனார் தோமா-அலெக்சாந்தர் துய்மா. இன்று ஹைட்டி என்று சொல்லப்படும் நாட்டில் அடிமைப் பெண் ஒருவருக்குப் பிறந்தவர். தாயின் பெயரான துய்மாவையே தன் பெயராக வைத்துக்கொண்டு பிரெஞ்சுப் புரட்சிப் படையில் ஜெனரல் வரை உயர்ந்தார். இவர்கள் மூவரோடும் உறவில்லாத ஜான்-பத்தீஸ்த் துய்மா என்ற வேதியியல் அறிஞரும் அதே 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் புகழோடு இருந்திருக்கிறார். எழுத்தாளர்களான தகப்பனையும் மகனையும் பிரெஞ்சுக்காரர்கள் இன்றுவரை ‘துய்மா தந்தை’, ‘துய்மா மகன்’ என்று சேர்த்தே எழுதுகிறார்கள். அந்த ஒட்டு இல்லாவிட்டால் அட்டையில் உள்ள பெயரை வைத்து எதையும் சொல்ல முடியாது.

நான் சொல்ல வருவது இதுதான். ஓர் ஆளை அடையாளம் காட்டப் பெயர் மட்டும் போதாது. ஊர், தகப்பன், காலம், செய்த காரியம், இவற்றில் ஒன்றாவது கூட வேண்டும். நம் முன்னோர் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் நெடுஞ்செழியன் என்று மொட்டையாக விடவில்லை. ‘ஆரியப்படை கடந்த’ நெடுஞ்செழியன் என்றும், ‘தலையாலங்கானத்துச் செருவென்ற’ நெடுஞ்செழியன் என்றும் பிரித்து எழுதினார்கள். புறநானூற்றில் கல்வியின் பெருமையைப் பாடியவர் முன்னவர், போருக்குப் போகும்முன் வஞ்சினம் கூறியவர் பின்னவர். அடைமொழி நீளமாக இருக்கிறதென்று வெட்டிவிட்டு வெறும் நெடுஞ்செழியன் என்று எழுதுகிறோமே, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் குழப்பத்தில் நஷ்டப்படுபவர் எப்போதும் புகழ் குறைந்தவர்தான். அவர் செய்ததெல்லாம் பிரபலமானவர் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும், அப்படி ஒருவர் வாழ்ந்ததே தெரியாமல் போகும். இந்த விஷயத்தில் நான் இவ்வளவு அக்கறை காட்டுவதற்கு அதுதான் காரணம்.

மூத்தவர், இளையவர் என்று பிரிக்கிற வழக்கம் நம்மிடமும் உண்டு. அதற்கு எனக்குப் பிடித்த சான்று பெரியபுராணத்தில் இருக்கிறது, அதன் வேர் கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் திருவாமூரில் பிறந்தவர் அப்பர். பெற்றோர் வைத்த பெயர் மருள்நீக்கியார். சமணத்தில் இருந்தபோது தருமசேனர். திருவதிகையில் சூலை நோய் தீர்ந்தபின் திருநாவுக்கரசர். சம்பந்தர் வாயால் அப்பர். ஓர் ஆளுக்கு நாலு பெயர். இதற்கு நேர் எதிராக, திருவையாற்றுக்குப் பக்கத்தில் திங்களூரில் நாலு பக்கமும் ஒரே பெயராக இருந்தது. அங்கே வாழ்ந்த அப்பூதி அடிகள் நாவுக்கரசரைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் வீட்டிலுள்ள அளக்கும் படி, தராசு, பசு, எருமை, பெற்ற பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் அவர் பெயரையே வைத்தார். தண்ணீர்ப் பந்தலிலும் அதே பெயர். அவ்வழியே வந்த நாவுக்கரசர் பந்தலில் தன் பெயரைப் பார்த்துவிட்டு, உம் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியிருக்கிறீரே, ஏன் என்று கேட்கிறார். எதிரில் நிற்பவர் யாரென்று தெரியாத அப்பூதி அடிகளுக்குக் கோபம் வந்துவிடுகிறது. அந்தப் பெருமகனின் பெயரையா வேறொருவர் பெயர் என்கிறீர், நீர் யார் என்று சீறுகிறார். பெயரை உயிராக மதித்த மனிதர், பெயருக்கு உரியவர் கண்முன் நின்றும் அடையாளம் காணவில்லை. அப்புறம் உண்மை தெரிந்து காலில் விழுந்து, விருந்துக்கு அழைத்து, வாழைக் குருத்து அரிய மகனை அனுப்ப, அவனைப் பாம்பு தீண்டியதும் நாவுக்கரசர் பாடி உயிர் மீட்டதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்தப் பையன் மூத்த திருநாவுக்கரசு. அவன் தம்பி இளைய திருநாவுக்கரசு. எல்லாருக்கும் ஒரே பெயர் வைத்த வீட்டிலும் அந்த ஒரு முன்னொட்டு தேவைப்பட்டிருக்கிறது.

காரைக்கால் அம்மையார் வரலாற்றிலும் இப்படி ஓர் இடம் வருகிறது. மாங்கனித் திருவிழா பார்த்தவர்களுக்குக் கதை முழுக்கத் தெரியும், ஆனால் இந்த இடத்தைப் பலர் கவனிப்பதில்லை. மாம்பழ அதிசயத்தைக் கண்டு பயந்த பரமதத்தன் கப்பலேறிப் போய்ப் பாண்டிய நாட்டில் வேறொரு பெண்ணை மணந்துகொள்கிறான். அங்கே பிறந்த மகளுக்கு, விட்டு வந்த மனைவியின் பெயரை வைக்கிறான். சொந்தக்காரர்கள் புனிதவதியைப் பல்லக்கில் அழைத்து வந்தபோது, புது மனைவியோடும் மகளோடும் அவள் காலில் விழுகிறான். அந்த இடத்தில் புனிதவதியின் முன்னால் விழுந்து கிடப்பதும் அவள் பெயரைக் கொண்ட ஒரு குழந்தைதான். பெயர் ஒற்றுமை பெரும்பாலும் தற்செயல் என்று நினைக்கிறோம். பல நேரம் அது பக்தி, நன்றி, குற்ற உணர்ச்சி, பாசம் இவற்றால் யாரோ யோசித்துச் செய்த காரியம்.

பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பதும் இந்தப் பாசம்தான். அதுதான் தம்பியின் இரண்டாவது கேள்விக்கு மூலகாரணம். புதுச்சேரியில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆனந்தரங்கப் பிள்ளை குடும்பம். 1709-இல் பிறந்து, துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும் இருந்து, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். அவருடைய தகப்பனார் பெயர் திருவேங்கடம் பிள்ளை. கூடப்பிறந்த தம்பியும் திருவேங்கடம் பிள்ளை. அவருக்குப் பின் அந்தக் குடும்பத்தில் நாட்குறிப்பைத் தொடர்ந்தவர்கள் ரங்கப்ப திருவேங்கடம் பிள்ளையும், முத்து விஜய திருவேங்கடம் பிள்ளையும். 18-ஆம் நூற்றாண்டு ஆவணம் ஒன்றில் வெறுமனே திருவேங்கடம் பிள்ளை என்று கண்டால் ஆண்டைப் பார்க்காமல் ஒரு வார்த்தை எழுதக் கூடாது. தகப்பனார் இறந்தது 1726-இல், தம்பி இறந்தது 1754-இல். இந்த இரண்டு ஆண்டுகளை மனத்தில் வைத்துக்கொண்டாலே பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். புதுச்சேரியின் இன்னொரு நாட்குறிப்பாளர் பெயரிலேயே தீர்வு இருக்கிறது: இரண்டாம் வீரா நாயக்கர். 1778 முதல் 1792 வரை அவர் எழுதிய குறிப்புகள் ஆனந்தரங்கரின் நிழலில் மறைந்து கிடந்தாலும், அவரை முதலாமவரோடு யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ‘இரண்டாம்’ என்ற ஒரு சொல் செய்யும் வேலை அது.

பிரெஞ்சு நிர்வாகத்துக்கும் இது தலைவலியாகத்தான் இருந்திருக்கும். அவர்களுக்கு ஊரில் குடும்பப் பெயர் உண்டு, நமக்குக் கிடையாது. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணை வந்தபின், தங்கள் சொந்தச் சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்கு வந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, பூட்ஸ் அணிந்து நீதிமன்றத்துக்கு வந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை போய் வென்றவர். அவர் எடுத்துக்கொண்ட பெயர் லாபோர்த். தம்பி, உங்கள் முன்னோர் இந்த வழியில் வந்தவர் என்றால் வேலை சுலபம், குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகலாம். அப்படி இல்லையென்றால் பெயரை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ளதைப் பாருங்கள். எத்தா சிவில் என்ற பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவில், குறிப்பாகத் திருமணப் பதிவில், மணமக்களின் பெற்றோர் பெயர், வயது, தொழில், குடியிருந்த இடம், சாட்சிகளின் பெயர் எல்லாம் இருக்கும். தகப்பன் பெயர் மட்டும் பொருந்தினால் நம்பிவிடாதீர்கள். ஒரே தாத்தாவின் பெயரை அண்ணன் தம்பிகள் எல்லாரும் தங்கள் மூத்த மகனுக்கு வைத்திருப்பார்கள், அதனால் பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் பதிவில் ஒரே ஆள் போலத் தெரிவார்கள். தாயின் பெயரும் பொருந்த வேண்டும். வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாட்சிகளாக வந்தவர்கள் பெரும்பாலும் மாமன், மச்சான், பங்காளி, பக்கத்து வீட்டுக்காரர். அதே சாட்சி உங்கள் குடும்பத்தின் இன்னொரு பதிவிலும் வந்தால் கிட்டத்தட்ட ஆளைப் பிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ஒரே தமிழ்ப் பெயரை ஒவ்வொரு எழுத்தரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள், எனவே எழுத்து மாறியதால் ஆள் வேறு என்று தள்ளிவிடவும் வேண்டாம்.

அரசர்கள் விஷயத்துக்கு வருவோம். கடலூருக்குப் பக்கத்தில் திருவஹீந்திரபுரம், பேச்சில் திருவந்திபுரம், தேவநாதசுவாமி கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சோழ சக்கரவர்த்தி ராஜராஜனைக் கோப்பெருஞ்சிங்கன் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான் என்றும், அதைக் கேட்ட ஹொய்சள மன்னன் நரசிம்மன் தன் தண்டநாயகர்களை, அதாவது படைத்தலைவர்களை அனுப்பி மீட்டான் என்றும் அது சொல்கிறது. முதன்முறை கேட்பவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். தஞ்சைப் பெரிய கோயில் கட்டிய ராஜராஜனையா ஒரு சிற்றரசன் சிறையில் போட்டான்? இல்லை. அவர் ஆண்டது 985 முதல் 1014 வரை. இவர் மூன்றாம் ராஜராஜன், சம்பவம் நடந்தது 1231-ஐ ஒட்டி. நடுவில் இருநூறு ஆண்டுகள், ஒரு பேரரசின் ஏற்றமும் இறக்கமும் ஓடிவிட்டன.

அதே கல்வெட்டில் மற்ற இரண்டு பெயர்களும் இப்படித்தான். ஹொய்சளரில் மூன்று நரசிம்மர்கள் உண்டு, இவர் இரண்டாமவர். கோப்பெருஞ்சிங்கன் விஷயம் இன்னும் சிக்கல். தகப்பனும் மகனும் அதே பெயரில் அடுத்தடுத்து ஆண்டதால் ஒருவரா இருவரா என்று ஆராய்ச்சியாளர்கள் வாதாடியிருக்கிறார்கள். ராஜராஜனைச் சிறை வைத்தவர் தகப்பன் என்றும், 1243-இல் பட்டத்துக்கு வந்து 1279 வரை ஆண்டவர் மகன் என்றும் பிரித்த பிறகுதான் இவர்கள் குலமான காடவர் வரலாறு ஒழுங்குக்கு வந்தது. ஒரு சுவரில் உள்ள ஒரு செய்தி, அதில் வரும் மூன்று பெரிய பெயர்களுமே வேறு ஆட்களையும் குறிக்கக் கூடியவை. மாணவர்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல கல்வெட்டு நம் பகுதியில் கிடையாது.

முதலாம், இரண்டாம், மூன்றாம் என்ற எண்கள் நாம் போட்டவை. சோழர்கள் தங்களுக்கு அப்படி எண் போட்டுக்கொள்ளவில்லை. கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழைப் பாடும் மெய்க்கீர்த்திதான் அவர்கள் அடையாளம். ‘திருமகள் போல’ என்று தொடங்கினால் முதலாம் ராஜராஜன், ‘திருமன்னி வளர’ என்றால் முதலாம் ராஜேந்திரன். ‘மதிரை கொண்ட கோப்பரகேசரி’ என்றால் முதலாம் பராந்தகன். வெறும் கோப்பரகேசரி என்று மட்டும் இருந்தால் சிரமம்தான், ஏனென்றால் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்கள் அந்த வம்சத்தில் மாறி மாறி வரும். எழுத்தமைதியையும் கல்வெட்டில் வரும் அதிகாரிகள் பெயரையும் வைத்துத்தான் அப்போது முடிவு செய்ய வேண்டும்.

பல்லவர்களிலும் சிம்மவர்மன், நந்திவர்மன், மகேந்திரவர்மன் என்று திரும்பத் திரும்ப வரும். இதில் கடலூருக்கு ஒரு தனிப் பெருமை. லோகவிபாகம் என்ற சமண நூல், பாண ராஷ்டிரத்துப் பாடலிகா என்ற ஊரில், சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், சர்வநந்தி என்பவரால் எழுதப்பட்டது. அது காஞ்சி அரசன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டு என்ற குறிப்பும் அதில் உண்டு. அந்தப் பாடலிகாதான் நம் திருப்பாதிரிப்புலியூர் என்று அறிஞர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். பல சிம்மவர்மர்களில் ஒருவரையாவது ஆண்டோடு கட்டிப்போட உதவியது அந்த ஒரு வரி. ஆட்சியாண்டையும் சக ஆண்டையும் சேர்த்து எழுத வேண்டும் என்று அந்தச் சமணருக்குத் தோன்றியதே, அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

புலவர்களில் ஔவையாரைச் சொல்லாமல் விட முடியாது. அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற சங்க காலத்து ஔவையார் ஒருவர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடியவர் பல நூற்றாண்டுகள் கழித்துச் சோழர் காலத்தில் வாழ்ந்த வேறொருவர். நாமோ கையில் கோல் பிடித்த ஒரு கிழவி என்று எல்லாரையும் ஒன்றாக்கிவிட்டோம். சங்க ஔவை அரசனோடு சரிசமமாக உட்கார்ந்து பேசியவள், தூது போனவள், கள் உண்டதைக் கூச்சமில்லாமல் பாடியவள். குழந்தைகளுக்கு நீதி சொன்ன பாட்டியின் உருவத்துக்குள் அவளை அடைத்ததில் அந்த வீரியமுள்ள பெண் காணாமல் போய்விட்டாள். பெயர்க் குழப்பம் ஒரு மனிதருக்குச் செய்யும் அநியாயத்துக்கு இதுவே போதும்.

கடைசியாக நம் ஊருக்கும் நம் காலத்துக்கும் பக்கத்தில் உள்ளவர்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுத் தேசிய இயக்கத்தில் எங்கே திரும்பினாலும் சுப்பிரமணியன். 1904-இல் பாரதியைச் சுதேசமித்திரனுக்கு அழைத்துக்கொண்ட ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர். வேலைக்குச் சேர்ந்தவர் சுப்பிரமணிய பாரதி. வ.உ.சி.யோடு 1908-இல் சிறைக்குப் போனவர் சுப்பிரமணிய சிவா. 1908-இல் பாரதி புதுச்சேரிக்கு வந்தார். 1910-இல் அவரோடு வந்து சேர்ந்த வ.வே.சு. ஐயர் என்ற பெயரில் ‘சு’ என்பதும் சுப்பிரமணியம்தான். சிவாவும் வ.வே.சு. ஐயரும் இறந்தது ஒரே 1925-இல். ஆண்டை வைத்துக்கூட இவர்களைப் பிரிக்க முடியாது. ஐயர் திருச்சி வரகனேரிக்காரர், சிவா வத்தலக்குண்டுக்காரர் என்று ஊரைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சுப்பிரமணியர்கள் கூட்டத்துக்கு நடுவில் புதுச்சேரியிலேயே பிறந்த இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார், சுப்புரத்தினம். தகப்பனார் கனகசபை, அதனால் கனகசுப்புரத்தினம். அவர் பாடிய ‘எங்கெங்குக் காணினும் சக்தியடா’ பாடலைப் பாரதி, ஸ்ரீ சுப்பிரமணிய பாரதியின் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்று குறிப்பிட்டுச் சுதேசமித்திரனுக்கு அனுப்பினார். பாரதி 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பி எல்லையில் கைதாகிக் கடலூர்ச் சிறையில் இருந்துவிட்டுப் போனார். இவர் இங்கேயே இருந்து பாரதிதாசன் ஆனார். இவர் மேல் கொண்ட பற்றால் ராஜகோபாலன் என்பவர் சுப்புரத்தினதாசன் என்று பெயர் வைத்துக்கொண்டார், அதுதான் சுரதா. ஒரு பெயர் இப்படிக் கைமாறிக் கைமாறி மூன்று தலைமுறைக் கவிஞர்களை இணைத்திருக்கிறது.

பாரதி என்ற பட்டமும் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை. 19-ஆம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளைப் பாடியவர் கோபாலகிருஷ்ண பாரதி. எட்டயபுரத்தில் பிறந்த நாவலர் சோமசுந்தர பாரதி, சுப்பிரமணிய பாரதியின் தோழர். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் பல ஆண்டுகள் தங்கியிருந்து எழுதியவர் சுத்தானந்த பாரதி. புதுச்சேரியில் வாழ்ந்து எழுதிய பாரதி என்று யாராவது சொன்னால் அது சுப்பிரமணியராகவும் இருக்கலாம், சுத்தானந்தராகவும் இருக்கலாம். முன்னவர் 1921-இல் மறைந்தார், பின்னவர் 1990 வரை இருந்தார். அதனால் ஒரு பாட்டின் கீழே வெறும் ‘பாரதி’ என்று போட்டிருந்தால் அப்படியே எடுத்து எழுதிவிடாமல், எந்த ஆண்டு எந்தப் பத்திரிகையில் முதலில் வந்தது என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு, முழுப் பெயரோடு எழுதுங்கள்.